சீனி போட்ட மலை

எட்டு வருஷம் பிரான்ஸில் இருந்துவிட்டு வந்த மனுஷன் ஊருக்கு என்ன கொண்டு வருவான்? ஒரு சங்கிலி, ஒரு சென்ட் போத்தல், குறைந்தது காலில் ஒரு நல்ல சப்பாத்து. திருகோணமலைப் பாலையூற்று இராஜநாயகம் கொண்டு வந்தது ஒரு முதுகுவலியும் ஒரு கதையும். முதுகுவலியை ஊர் நம்பியது. கதிரையை விட்டு எழும்பும்போது அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தால் எவனும் நம்புவான். கதையைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை.

கதை இதுதான். பிரான்ஸின் தெற்கே ஒரு மலைச்சரிவு. சரிவு முழுக்க முந்திரிகை; திராட்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. அந்தப் பழத்தில் வடிக்கிற வைனை ஒரு வாய் குடித்தால் மலை வாய்க்குள் வரும். கல் வரும், வெயில் வரும், கல்லிடுக்கில் முளைக்கிற ஏதோ ஒரு மருந்துச் செடியின் மணம் வரும். கண்ணைக் கட்டிவிட்டுக் குடிக்கத் தந்தாலும், இது இன்ன சரிவு, ஆற்றுப் பக்கத்துச் சரிவில்லை என்று அவர் சொல்லுவார்.

"கல்லு ருசிக்குமோ?" என்பார்கள், அவருடைய பட்டறைக்குப் படகு என்ஜினைத் திருத்தத் தூக்கிக்கொண்டு வருகிற கடற்தொழில்காரர்கள். "எங்கடை சாராயத்தைக் குடிச்சா ரவுண் ஊத்தைத் தண்ணிக் கான் மணக்குது, நாயகம் அண்ணை. அதுவும் உந்தக் கணக்குத்தானோ?"

இராஜநாயகம் ஸ்பானரை நிலத்தில் போட்டுவிட்டு எழும்பிப் போவார். போய் என்ன? என்ஜின் அங்கே கிடக்கும். திரும்பி வந்து அதையேதான் கழற்ற வேண்டும்.

ஊர்க்காரன் நம்பாவிட்டால் மயிராச்சு. அவரைப் போட்டு அரித்தது வீட்டுக்குள் இருந்தது.

சுனாமியில் கடல் வந்து அடித்தபோது மீன்பிடித் துறையடியில் இருந்த பழைய பட்டறை போனது. போனதைக் கட்டி எழுப்பமுதல் சண்டை திரும்ப வந்தது. ஆளைத் தெருவில் வைத்துப் பிடிக்கிற காலம். மகள் சுதர்ஷிகா அப்போது கைக்குழந்தை. "நீங்கள் போங்கோ, நான் பாப்பன்" என்று மனைவி திரேசம்மாதான் அவரை அனுப்பினாள். அவரும் போனார். அங்கே அகதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். விசா இல்லாதவனை யார் வைத்திருப்பான்? பாரிஸில் கோப்பை கழுவி, அதுவும் போய், தமிழ்ப் பொடியன்களை வான் வண்டியில் அடைத்துத் தெற்கே பழம் வெட்டக் கொண்டுபோகிற ஒருவனிடம் அகப்பட்டார். மாரியில் கவாத்து, கோடையில் வெட்டு. கடைசியில் ஒரு நாள் பிடித்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது சுதர்ஷிகா பள்ளிக்கூடச் சட்டையோடு கதவுக்குப் பின்னால் நின்று, "அம்மா, ஆரோ வந்திருக்கினம்" என்றாள்.

அந்த வருஷங்களில் திரேசம்மா செல்லடிக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதா கோயிலில் போய்ப் படுத்தாள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தாள். கூரை ஒழுகினால் தானே ஏறினாள். இதையெல்லாம் ஒரு நாளும் அவருக்குச் சொல்லிக் காட்டவில்லை. ஏசியிருந்தாலும் பரவாயில்லை. அவள் சொன்னது ஒரு சொல்.

"உங்களுக்கென்ன, பந்தலுக்குக் கீழை நிண்டனீங்கள்."

எப்போதோ கலியாண வீடொன்றுக்கு யாழ்ப்பாணம் போனபோது திரேசம்மா முந்திரிகைத் தோட்டம் பார்த்திருக்கிறாள். அங்கே தலைக்கு மேலே பந்தல், கீழே குளுகுளு என்று நிழல், கையை உயர்த்தினால் குலை. பிரான்ஸிலும் அப்படித்தான் என்று அவள் மனதில் ஒரு படம் விழுந்துவிட்டது. அந்தப் படத்தில் இராஜநாயகம் நிழலில் நின்று ஒரு பழத்தை வெட்டுவார், ஒரு பழத்தை வாயில் போடுவார்.

"பந்தலே இல்லையப்பா. செடி முழங்கால் உயரம். நாள் முழுக்கக் குனிஞ்சு நிண்டுதான் வெட்டவேணும்."

"ஓம், ஓம்."

அந்த ஓமைக் கேட்டால் அவருக்குத் தலை விறைக்கும். இல்லை என்று சொன்னால் சண்டை பிடிக்கலாம். ஓம் என்கிறவளோடு என்னத்தைப் பிடிக்கிறது? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவருக்கு, மலையை எடுத்துச் சொல்ல வாய் வராது. சொல்லத் தொடங்கினால் "வெய்யில்... கல்லு... சரியான வெய்யில்" என்று நின்றுவிடும். வெயில் திருகோணமலையில் இல்லையா? கல் கோணேசர் மலையில் இல்லையா? அவள் திரும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

அதனால்தான் அந்தப் போத்தல் அவருக்கு வேண்டியிருந்தது. தோட்டத்துக் கிழவன் ஒரு தரம், வெட்டு முடிந்த பின்னேரம், நிலத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் நனைத்து அவர் மூக்கடியில் பிடித்தான். பிறகு வைனை ஊற்றிக் கொடுத்தான். ஒரு பாஷையும் தேவைப்படவில்லை. கல்லின் மணம் அப்படியே வாய்க்குள் இறங்கியது. அன்றைக்குப் பட்ட வெயிலும் கூட இறங்கியது. எனக்கு விளங்கினால் இவளுக்கும் விளங்கும் என்று இராஜநாயகம் நினைத்தார். ஒரு வாய் போதும். வாயை வைத்ததும் அவள் முகம் மாறுகிறதைத் தான் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

பிரான்ஸிலிருந்து வருகிறவன் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தார். ஒருவன் சொக்கிளேற் கொண்டு வந்தான். இன்னொருவன் விமான நிலையத்தில் வாங்கிய விஸ்கியைக் கொண்டு வந்து, "இது அதைவிடத் திறம் அண்ணை" என்றான். கடைசியாக இந்த மார்கழியில் திலக்சன் தங்கச்சியின் கலியாணத்துக்கென்று வந்தான். தோட்டத்தில் அவருக்கு அடுத்த வரிசையில் வெட்டியவன். இப்போது விசாவும் காரும் உள்ள ஆள். துவாயில் சுற்றிய போத்தலை மேசையில் வைத்தான்.

"அதே சரிவு அண்ணை. கிழவன் போயிட்டான். மகன்காரன்தான் எடுத்துத் தந்தவன். நாங்கள் வெட்டின அதே செடியள்தான்."

இராஜநாயகம் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திலக்சன் போனதும் அதைக் கொண்டுபோய்த் திரேசம்மாவின் கையில் கொடுத்தார்.

"இது உனக்கு."

"எனக்கோ? நான் எங்கை குடிக்கிறன்?"

"உனக்குத்தான். வை."

மனதுக்குள் எல்லாம் ஆயத்தமாக இருந்தது. நாளைக்கு மத்தியானம் மகள் கோயிலுக்குப் பாட்டுப் பழகப் போய்விடுவாள். திரேசம்மாவைக் கதிரையில் இருத்தி, கிழவன் செய்த மாதிரி ஆறுதலாகத் திறந்து, முதல் வாயை அவளுக்குக் கொடுப்பது. இதில் ஒரு வரியையாவது அவளுக்குச் சொன்னாரா? சொல்லவில்லை. "வை" என்றால் அவளுக்கு எல்லாம் விளங்கும் என்று நினைத்தார். ஆம்பிளைகள் அப்படித்தான் நினைப்பது.

போத்தலின் வாயில் தக்கை இறுகியிருந்தது.

"ஒரு ஸ்குரூ ஆணியை முறுக்கிப்போட்டுக் குறட்டாலை இழுங்கோவன்" என்றாள் திரேசம்மா.

"இது என்ன, கார்பரேட்டரோ?" என்று எரிந்து விழுந்தார் இராஜநாயகம். "அதுக்கெண்டு ஒரு சாமான் இருக்கு. தக்கை உடைஞ்சு தூள் உள்ளை விழுந்தா எல்லாம் பழுது. நான் கொண்டு வாறன்."

குறட்டால் இழுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் விடியவே மழை. பட்டறையைப் பூட்டிவிட்டு, தலையில் ஒரு உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ரவுணுக்குப் போனார். முதலில் வைன் ஸ்ரோர். பலகையில் பெரிய எழுத்தில் வைன் என்று போட்டிருக்கிறான். உள்ளே சாராயமும் பியரும். கம்பிக்குப் பின்னால் இருந்தவனிடம் தக்கை கழற்றுகிற சாமான் கேட்டார்.

"இஞ்சை எல்லாம் முறுக்கிற மூடி ஐயா. தக்கை வைச்சு ஆர் மினக்கெடுறான்?"

"பிறகேன் வெளியிலை வைன் எண்டு எழுதியிருக்கிறியள்?"

"அது கடையின்ரை பேர். எடுக்கிறதெண்டா எடுங்கோ, பின்னுக்குச் சனம் நிக்குது."

அங்கிருந்து தாஹிரின் இரும்புக் கடைக்குப் போனார். என்ஜின் சாமான் வாங்கி வாங்கித் தாஹிர் அவருக்குப் பழைய கூட்டாளி. விஷயத்தைக் கேட்டுத் தாஹிர் இரண்டு காதையும் பொத்தினார்.

"வேணாம் அண்ணே. வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ட கடைக்குள்ள வந்து இதக் கேக்கிறீங்களே. பள்ளிக்குப் போகவேணும் நான்."

"நான் உன்னைக் குடிக்கச் சொன்னனானோ? சாமான் இருக்கோ இல்லையோ?"

"மரம் துளைக்கிற துறப்பணம் இரிக்கி, தரவா?" தாஹிர் சிரித்தார். பிறகு அவர் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்துக் குரலை இறக்கினார். "இஞ்ச ஒரு கடையிலயும் எடுக்க ஏலா. நிலாவெளி ஹோட்டல் பக்கம் போய்ப் பாருங்க. வெள்ளக்காரன் வாற இடத்திலதான் அது இரிக்கும். அதுசரி, அப்பிடி என்ன அதுக்குள்ள?"

"நான் வேலை செய்த மலை."

"மலை?"

"குடிச்சா அது தெரியும்."

தாஹிர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி அண்ணே, போயிட்டு வாங்க. தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டுப் போங்க" என்றார். அந்த இரக்கம்தான் இராஜநாயகத்துக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல். தேநீரைக் குடியாமலே பஸ் ஏறினார்.

மார்கழி, நிலாவெளியில் ஹோட்டல்காரன் ஈ ஓட்டுகிற மாதம். முதல் ஹோட்டலில் காவல்காரன் வாசலிலேயே மறித்தான். இரண்டாவது பூட்டிக் கிடந்தது. மூன்றாவதில்தான் றிக்சன் இருந்தான். இவரிடம் என்ஜின் திருத்தக் கொண்டு வருகிற ஒருவரின் மகன், பாரில் வேலை. ஆனால் பார் பூட்டிக் கிடந்தது, திறப்பு மனேஜரிடம், மனேஜர் ரவுணில். வருகிற வழியில் வெள்ளம். இராஜநாயகம் அலை அடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு பின்வாசல் படியில் குந்தியிருந்தார். மத்தியானம் போனது. திரேசம்மாவை இருத்த நினைத்த கதிரை வீட்டில் வெறுமையாக இருக்கும்.

மனேஜர் வந்து, திறப்பு வந்து, சாமான் கைக்கு வந்தது. பன்றிவால் மாதிரிச் சுருண்ட கம்பி, மரப்பிடி.

"அண்ணை, நாளைக்குக் கட்டாயம் தரவேணும். இல்லாட்டி என்ரை தோலை உரிப்பினம்" என்றான் றிக்சன். "திறக்கிற விதம் தெரியுமோ?"

"தெரியும், தெரியும்."

திரும்பி வந்த பஸ் சாம்பல்தீவடியில் தண்ணீருக்குள் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளச் சொன்னார்கள். முதுகுவலிக்காரனும் சேர்ந்து தள்ளினார். ஒரு கை பஸ்ஸில், ஒரு கை சேட்டுப் பையில் இருந்த கம்பியில்.

வீட்டுப் படலையடிக்கு வந்தபோது மம்மல் பொழுது, இருட்டுகிற நேரம். உள்ளே கித்தாரும் கைத்தாளமும். கரோல் கோஷ்டி வந்து நின்றது. பாலையூற்றில் நத்தாருக்கு முன்னால் கோயில் பாட்டுக்காரர் வீடு வீடாக வருவார்கள்; பாடி முடிய ஒவ்வொரு வீட்டிலும் கேக்கும், வீட்டில் போட்ட வைனும் கொடுக்க வேண்டும். கொடுக்காத வீட்டை அடுத்த நத்தார் மட்டும் கதைப்பார்கள். தங்கள் வீட்டு முறை நாளைக்கல்லவா? யோசித்துக்கொண்டு படலையைத் திறந்தார். அப்போதுதான் மூக்கில் பட்டது. கராம்பு, கறுவா, காய்ச்சின சீனி.

உள்ளே போய், திரேசம்மா அதை வைத்த அலுமாரிக்கு மேலே பார்த்தார். போத்தல் இல்லை.

"வாரும், வாரும், நாயகம்!" கோயில் மணி அடிக்கிற சங்கிலித்தாம் சூசைதாசன் சின்னக் கிளாசை உயர்த்திக் காட்டினார். "இவ்வளவு வருஷமா உங்கடை வீட்டிலை குடிக்கிறன், இப்பிடி ஒரு வைன் குடிக்கேல்லை. தேன் மாதிரி! திரேசம்மா, இன்னும் ஒரு சொட்டு விடும் பிள்ளை."

திரேசம்மா பூப்போட்ட ஜக்கைச் சரித்து ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழுந்தது. கோஷ்டி 'பாலன் பிறந்தார்' என்று இன்னொரு பாட்டை எடுத்தது. இராஜநாயகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, நனைந்த சேட்டோடு, பையில் இருந்த கம்பி நெஞ்சில் குத்த, பாட்டு முடியும்வரை நின்றார். பாலன் பிறக்கிற நேரத்தில் வாயைத் திறந்து ஏசவும் ஏலாது.

கோஷ்டி போனது. சுதர்ஷிகாவும் அவர்களோடு அடுத்த வீட்டுக்குப் பாடப் போனாள்.

"என்ன வேலை பாத்தனீ?"

"என்ன?"

"என்ரை போத்தலை என்ன செய்தனீ?"

"உங்கடை போத்தலோ? இது உனக்கு எண்டெல்லே தந்தனீங்கள்?" திரேசம்மா கேக் தட்டுகளை அடுக்கினாள். "நாளைக்கு மழை கூடுமாம் எண்டு இண்டைக்கே வாறம் எண்டு பின்னேரம் ஆள் அனுப்பிச்சினம். நான் முந்திரிகை வத்தல் போட்டு ஊறவைச்ச சாடியைத் திறந்தா அது வினாகிரி. சனத்துக்கு என்னத்தைக் குடுக்கிறது? கர்த்தர் தந்த மாதிரி இது இருந்துது."

"தக்கை?"

"அகப்பைக் காம்பாலை உள்ளை தள்ளினன்."

"அகப்பைக் காம்பாலை!"

"பிறகு உங்கடை சாமான் வருமட்டும் சனம் வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறதோ? விடியப் போன மனுஷன்."

"அதுக்குள்ளை சீனியை ஏன் கொட்டினனீ? கராம்பை ஏன் போட்டனீ? உலகத்திலை ஆரும் அதுக்குச் சீனி போடுவாங்களோ? அது..." சொல் வரவில்லை, வழக்கம்போல. "அதிலை ஒரு இடம் இருந்ததடி!"

திரேசம்மா தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"இடமோ? ஓம், இருந்ததுதான். ஒரு கரண்டி வாயிலை விட்டுப் பாத்தனான். முதல்லை, இதுவும் பழுதாப்போச்சு எண்டு நினைச்சன். பாத்தா அப்பிடியில்லை. வாய் வறண்டு போச்சு. வெய்யிலிலை காஞ்ச கல்லை நக்கின மாதிரி. எங்கையோ மருந்துச் செடி கசங்கின மணம். ஒரு துளி இனிப்பு, ஒரு துளி ஈரம் இல்லை. ஒதுங்கிறதுக்கு ஒரு மரம் இல்லாத வெளியிலை கொண்டுபோய் விட்ட மாதிரி இருந்துது எனக்கு. அதை வாற சனத்துக்குக் குடுக்கேலுமே? அதுதான் சீனி போட்டன்."

இராஜநாயகம் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷம் அவர் வாயில் வராததை எல்லாம் இவள் கேக் தட்டுக்கு மேலே நின்று சொல்லிவிட்டாள். மலை வீடு தேடி வந்திருக்கிறது. அவர் சாம்பல்தீவில் பஸ் தள்ளிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, திரேசம்மாவோடு தனியாகக் கதைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கரண்டியை வாயில் வைத்தபோது அவள் முகம் எப்படி இருந்தது? குசினிச் சுவருக்குத்தான் தெரியும்.

"ஒரு வாய் வைச்சிருக்கலாம்" என்றார்.

"திறக்காதை எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"போத்தல் எங்கை?"

"கழுவிக் கவுட்டு வைச்சிருக்கு. எண்ணெய் விட உதவும்."

எடுத்து மணந்து பார்த்தார். சவர்க்காரம். உள்ளே தக்கை கிடந்து கடகடத்தது. அதிலாவது கொஞ்சம் ஊறியிருக்கும் என்று தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினார். தக்கை நழுவி நழுவி ஓடியது. நாள் முழுக்க அலைந்து கொண்டு வந்த சாமான், வெளியே இருக்கிற தக்கைக்குத்தான் சரி. உள்ளே விழுந்த தக்கைக்கு அது உதவாது. போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் விழுந்தார். முதுகு சுரீர் என்றது.

திரேசம்மா துவாயைக் கொண்டு வந்து அவர் தலையில் போட்டாள். போட்டுவிட்டு அப்பால் போகவில்லை.

"அப்ப பந்தலே இல்லையோ?"

"இல்லை எண்டு எத்தினை வருஷமாச் சொல்லுறன்!"

"சொன்னனீங்கள்தான்." போத்தலை மேசையில் தள்ளி வைத்தாள். "தண்ணி விடாய்ச்சா என்ன செய்யிறனீங்கள்?"

இராஜநாயகம் துவாயை முகத்திலிருந்து இழுத்தார். வந்த நாளிலிருந்து அவள் அந்த ஊரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்கிறதுக்கு இன்றைக்குத்தான் பார்த்தாள், வைன் முடிந்து, போத்தலும் கழுவின பிறகு.

"வாளி ஒண்டு வைப்பாங்கள்" என்றார் எரிச்சலோடு. "வரிசை முடியிற இடத்திலைதான். வெட்டி முடிச்சாத்தான் தண்ணி."

"அது எவ்வளவு தூரம் வரும்?"

"இஞ்சையிருந்து கோயிலடி மட்டும். ஏற்றம். குனிஞ்சபடி."

திரேசம்மா யன்னலுக்குப் போய்ச் சீலையை விலக்கி, மழைக்குள்ளால் கோயில் பக்கம் பார்த்தாள்.